டாக்டர் சார்ல்ஸ் டாட்டருக்கு, என் இடது காலுக்காக

மதிப்பிற்குரிய டாக்டர் டாட்டர் அவர்களுக்கு,

நீங்கள் 1985 பிப்ரவரியிலேயே மறைந்துவிட்டீர்கள். நான் அதற்குப் பிறகு பிறந்தவள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லண்ட் மருத்துவப் பள்ளியின் கதிரியக்கத் துறைக்கு 1952 முதல் கடைசிவரை தலைவராக இருந்தவர் நீங்கள். நான் மதுரையில் ஒரு பள்ளியில் உயிரியல் பாடம் எடுப்பவள். நம் இருவருக்கும் இடையே உள்ள உறவு, என் இடது காலில் முழங்கால் மடிப்புக்குப் பின்னால் இருக்கும் ஒரு சின்னத் தழும்புதான். உற்றுப் பார்த்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும்.

அந்த இடத்தில் போட்ட துளை வழியாகத்தான் என் தொடையிலும் இடுப்பிலும் உறைந்து கிடந்த ரத்தத்தைக் கரைத்து எடுத்தார்கள். கத்தி வைக்கவில்லை. முழு மயக்கமும் கொடுக்கவில்லை. ரத்தக்குழாய்க்குள் செலுத்துகிற கத்தீட்டரை வைத்துப் படம் பிடிப்பதோடு நிற்க வேண்டாம், அதைக் கொண்டே வைத்தியமும் பார்க்கலாம் என்று மற்றவர்கள் சிரித்தபோதும் விடாமல் சொன்னவர் நீங்கள். அதனால்தான் இந்த மடல் உங்கள் பெயருக்கு. பொதுவில் எழுதுவதற்குக் காரணம் வேறு. இதைத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள்: பிள்ளை பெற்ற பெண்கள், அவர்களைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளும் அம்மாக்கள்.

எனக்குத் தலைப்பிரசவம். சிசேரியன். வழக்கப்படி அம்மா வீட்டில் இருந்தேன். பிள்ளை பெற்ற உடம்பைப் பச்சை உடம்பு என்பார்கள் இங்கே. படுக்கையை விட்டு அதிகம் இறங்கவிட மாட்டார்கள். தண்ணீரையும் அளந்துதான் கொடுப்பார்கள். நிறையக் குடித்தால் வயிறு போட்டுவிடும் என்பது தலைமுறை தலைமுறையாக வந்த நம்பிக்கை. அம்மா செய்தது எல்லாம் அன்பினால் செய்தது. அவளுடைய அம்மா அவளுக்குச் செய்ததும் அதுதான். ஆனால் அசையாமல் கிடப்பதும் உடம்பில் நீர் வற்றுவதும் பிரசவித்த பெண்ணின் ரத்தத்துக்கு எவ்வளவு ஆபத்து என்பதை எங்கள் இருவருக்கும் யாரும் எடுத்துச் சொன்னதில்லை.

குழந்தைக்கு ஒரு மாதம் முடிந்த சமயம். இடது தொடையில் ஓர் இழுப்பு. மறுநாள் குளித்துவிட்டுக் கொலுசு மாட்டும்போது வலது காலில் அது வழக்கம்போல் தளர்ந்து இறங்கியது, இடது காலில் திருகு எட்டவே இல்லை. பக்கத்திலிருந்த ஒரு கிளினிக்கில் காட்டினோம். பிரசவத்துக்குப் பிறகு நீர் கோத்துக்கொள்வது சகஜம் என்று சொல்லித் தடவ ஒரு களிம்பு கொடுத்தார்கள். இரண்டு காலும் வீங்கியிருந்தால் அப்படிச் சொல்வதில் நியாயம் இருந்திருக்கும். ஒரு கால் மட்டும் ஏன் வீங்க வேண்டும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அம்மா நல்லெண்ணெயைச் சூடு பண்ணி நீவிவிட உட்கார்ந்தாள். அதற்குள் தொடை முதல் பாதம் வரை கால் இறுகி, விரல்கள் ஊதா நிறத்துக்கு மாறியிருந்தன. என் கணவர் ஆட்டோ கூப்பிட்டார்.

பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் இருந்த டாக்டரம்மா என் காலைப் பார்த்ததும் முதலில் அம்மாவின் கையைத்தான் பிடித்தார். "அம்மா, இனிமே இந்தக் காலைத் தேய்க்காதீங்க, பிடிச்சுவிடாதீங்க. உள்ளே ரத்தம் கட்டியிருக்குன்னு நினைக்கிறேன். கட்டி நகர்ந்தா நேரா நுரையீரலுக்குப் போயிரும்" என்றார். அம்மா எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றுவிட்டாள்.

டாப்ளர் ஸ்கேன் எடுத்தவர் கருவியைத் தொடையில் வைத்து அழுத்தி, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். வலது காலில் அழுத்தும்போது சிரை அப்படியே அமுங்கி மூடிக்கொண்டது, கையை எடுத்ததும் திறந்தது. இடது காலில் எவ்வளவு அழுத்தியும் அது அமுங்கவே இல்லை. உள்ளே கெட்டியாக எதுவோ அடைத்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் சிரையின் சுவர் மெல்லியது, எளிதில் அமுங்கும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள் நான். அந்த ஒரு வரிதான் இந்த நோயைக் கண்டுபிடிக்கும் வழி என்பதை அந்தத் திரையில்தான் பார்த்தேன்.

ரத்தம் குழாய்க்குள்ளேயே உறைவதற்கு மூன்று காரணங்களை 19-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்கோவின் ஆராய்ச்சி சுட்டியது: ஓட்டம் மந்தமாவது, குழாயின் சுவர் காயப்படுவது, ரத்தமே உறையத் தயாராக இருப்பது. கர்ப்பத்திலும் பிரசவத்திலும் இந்த மூன்றும் ஒன்றுசேர்கின்றன. பிரசவத்தில் ரத்தம் கொட்டித் தாய் செத்துவிடக் கூடாது என்பதற்காக உடம்பு முன்கூட்டியே உறைய வைக்கும் பொருட்களை ரத்தத்தில் கூட்டிவைக்கிறது. பிள்ளை பிறந்த பிறகும் ஆறு வாரம் வரை அந்த வேகம் தணிவதில்லை. இடது கால் அதிகம் பாதிக்கப்படுவதற்கும் காரணம் உண்டு. வலது காலுக்குப் போகும் தமனி, இடது காலிலிருந்து திரும்பி வரும் சிரையின் குறுக்கே ஏறிப் போகிறது. முதுகெலும்புக்கும் அந்தத் தமனிக்கும் நடுவில் சிரை நசுங்குகிறது. எல்லா மனிதர்களுக்கும் அமைப்பு இதுதான், சிலருக்கு நசுக்கம் அதிகம். எனக்கு அதிகம்.

இப்படிக் கட்டிய ரத்தத்தில் ஒரு துண்டு பிய்ந்தால் இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரல் தமனியில் போய் அடைத்துக்கொள்ளும். மூச்சு வாங்கும், நெஞ்சு வலிக்கும். துண்டு பெரிதாக இருந்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பிரசவித்து நன்றாக இருந்த பெண் பாத்ரூம் போய் வந்ததும் விழுந்து இறந்துவிட்டாள் என்ற செய்தியை எங்கள் ஊர்களில் கேள்விப்படாதவர்கள் இல்லை. அந்தச் சாவுகள் சிலவற்றுக்குப் பின்னால் இதுவும் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

உடனே ஹெப்பாரின் ஏற்றினார்கள். பெரும்பாலானவர்களுக்கு அதுவும், அடுத்துச் சில மாதங்களுக்கு மாத்திரையுமே போதும். அந்த மருந்து கட்டியைக் கரைப்பதில்லை, மேலும் வளராமல் தடுக்கும். கரைக்கிற வேலையை உடம்பே மெல்லப் பார்த்துக்கொள்ளும். என் விஷயத்தில் அடைப்பு இடுப்பு வரை ஏறியிருந்தது, ரத்தம் வடிய வழியில்லாமல் பாதமே நிறம் மாறிக்கொண்டிருந்தது. கதிரியக்கத் துறையின் டாக்டரம்மா ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து என்னிடமும் கணவரிடமும் பேசினார். கத்தீட்டரைக் கட்டிக்குள்ளேயே கொண்டுபோய்க் கரைக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடலாம் என்றார். சிசேரியன் தையலில் ரத்தம் கசியலாம், மிக அபூர்வமாக மூளையிலும் கசியலாம் என்பதை மறைக்கவில்லை. செய்யாவிட்டால் காலுக்கு என்ன ஆகலாம் என்பதையும் சொன்னார். பயமுறுத்தாமலும் ஆசை காட்டாமலும் ஒரு நோயாளியிடம் இப்படிப் பேச முடியும் என்பதை அன்று பார்த்தேன்.

கத்தீட்டர் செலுத்தும் அறையான கேத் லேபில் என்னைக் குப்புறப் படுக்கவைத்தார்கள். தையல் போட்ட வயிற்றுக்கு அடியில் ஒரு சிஸ்டர் இரண்டு தலையணைகளை மாற்றி மாற்றி வைத்து, "இப்ப பரவாயில்லையாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முழங்கால் மடிப்பில் மரத்துப்போக ஓர் ஊசி. ஸ்கேனில் சிரையைப் பார்த்துக்கொண்டே இன்னோர் ஊசி. அதற்குள் ஒரு மெல்லிய கம்பி, கம்பியின் மேல் குழாய். பிறகு பக்கவாட்டில் நுண்ணிய துளைகள் வரிசையாக உள்ள ஒரு கத்தீட்டரைக் கட்டியின் முழு நீளத்துக்கும் செலுத்தினார்கள். "உங்க ஊர்ல தோட்டத்துல சொட்டுநீர்க் குழாய் போடுவாங்கல்ல, அதே மாதிரிதான்" என்றார் டாக்டரம்மா. சிரைக்குள் குழாய் ஊர்வது எனக்குத் தெரியவே இல்லை. சிரையின் உள்சுவரில் வலியை உணரும் நரம்புகள் பெரிதாக இல்லை என்பதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். என் உடம்பே அதற்குச் சாட்சி சொன்னது.

இரவு முழுவதும் ஐசியுவில் மருந்து சொட்டியது. காலை மடக்கக் கூடாது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து, உறைய உதவும் புரதம் ரொம்பக் குறைந்துவிடவில்லையே என்று பார்த்தார்கள். மூளையில் கசிவு இல்லை என்பதை உறுதிசெய்ய, இரவுப் பணியில் இருந்த சிஸ்டர் மணிக்கொரு தடவை எழுப்பிக் கையைத் தூக்கச் சொன்னார், நாக்கை நீட்டச் சொன்னார், கேள்வி கேட்டார். என் பெயர் என்ன, எந்த ஊர், பாப்பா பெயர் என்ன. பாப்பாவுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் "இன்னும் வைக்கல சிஸ்டர்" என்று சொல்வேன், அவர் "கரெக்ட்" என்று தாளில் குறித்துக்கொள்வார். அந்தத் தாளில் அவர் போட்ட ஒவ்வொரு குறிக்கும் நான் கடன்பட்டவள். இந்த வைத்தியத்தில் மருந்தை விடுவது பாதி வேலை, கண் மூடாமல் காவல் இருப்பது மீதி வேலை.

மறுநாள் திரும்பவும் கேத் லேப். சாயம் செலுத்தியதும், முதல் நாள் எங்கோ திக்குத் தெரியாமல் சிதறிய ஓட்டம் தொடையிலிருந்து இடுப்பு நோக்கி ஒரே கோடாக ஏறியதைத் திரையில் பார்த்தேன். மீந்திருந்த துண்டுகளை உறிஞ்சி எடுத்துப் பஞ்சுத் துணியில் வைத்தார்கள். கருஞ்சிவப்பாக, விரல் நீளத்தில் சில, அதைவிடச் சிறியவை சில. தமனி நசுக்கும் இடத்தில் மட்டும் சிரை சுருங்கியே இருந்தது. அங்கே பலூனை விரித்தபோது முதுகின் அடியில் பிடுங்கும் வலி. இந்த மொத்தச் சிகிச்சையிலும் நான் பல்லைக் கடித்தது அந்த ஓரிடத்தில்தான். பிறகு சிரை திரும்பவும் நசுங்காதபடி ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வைத்தார்கள். அன்று மாலையே பாதம் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மாவிடம் இதை யார் கண்டுபிடித்தது என்று கேட்டேன். ஆசிரியை என்பதால் கேட்கிறீர்களா என்று சிரித்துக்கொண்டே உங்கள் பெயரைச் சொன்னார். 1974-இல் நீங்களும் ஜோசப் ரோஷும் இன்னொரு சக மருத்துவரும் எழுதிய கட்டுரையைப் பற்றிச் சொன்னார். கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் அதற்கு முன்பே இருந்தது. உடம்பு முழுக்க ஏற்றினால் எங்கெங்கோ ரத்தம் கசியும் என்பதால் அதைக் கண்டு பயந்தார்கள். நீங்கள் கத்தீட்டரின் முனையை அடைப்பின் வாயிலேயே வைத்து, மிகக் குறைந்த அளவு மருந்தை அங்கே மட்டும் விட்டீர்கள். நீங்கள் செய்தது தமனி அடைப்புகளுக்கு. பின்னால் வந்தவர்கள் அதே வழியைச் சிரைகளுக்கும் கொண்டுவந்தார்கள். வீடு திரும்பிப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டே உங்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

1963-இல் ஒரு நோயாளிக்குப் படம் எடுக்கக் கத்தீட்டரைச் செலுத்தும்போது, அடைபட்டிருந்த இடுப்புத் தமனி தற்செயலாகத் திறந்துகொண்டது. எத்தனையோ பேர் அதைக் குறிப்பேட்டில் ஒரு வரியாக எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். தற்செயலாக நடந்ததை வேண்டுமென்றே நடத்திக்காட்ட முடியுமா என்று நீங்கள் யோசித்தீர்கள். அதே ஆண்டு ஜூனில் செக்கோஸ்லோவாகியாவின் கார்லோவி வாரியில் நடந்த மாநாட்டில் கத்தீட்டரால் என்னவெல்லாம் செய்யலாம் என்று பேசினீர்கள். அங்கே உங்கள் பேச்சைக் கேட்டவர்தான் பிராகாவைச் சேர்ந்த ரோஷ். பிற்பாடு போர்ட்லண்டுக்கே வந்து உங்களோடு சேர்ந்தார்.

அடுத்து 1964 ஜனவரி 16. 82 வயது மூதாட்டி ஒருவர், தொடைத் தமனி சுருங்கி, கால்விரல்கள் அழுகிய நிலையில் வந்திருந்தார். காலை எடுப்பது தவிர வழியில்லை என்றார்கள் அறுவை மருத்துவர்கள். அவர் மறுத்துவிட்டார். கடைசி முயற்சியாக உங்களிடம் அனுப்பினார்கள். ஒரு கம்பியின் மேல் மெல்லிய குழாய், அதன் மேல் சற்றுத் தடித்த குழாய் என்று செலுத்தி அந்தச் சுருக்கத்தை விரித்தீர்கள். பாதம் சூடேறியது, புண் ஆறியது. அதன் பிறகு இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் அவர் தன் சொந்தக் காலில் நடந்து, வேறு நோயால் காலமானார்.

இந்த இடத்தைப் படித்தபோது எங்கள் தெருவை நினைத்துக்கொண்டேன். சர்க்கரை நோயால் காலில் ரத்தம் ஓடாமல் விரல் கறுத்து, பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே என்று எடுக்கப்பட்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்காவது முன்கூட்டியே தமனியைப் படமெடுத்துப் பார்த்திருந்தால் பலூனால் திறந்திருக்க முடியும். புண்ணுக்கு மட்டும் மருந்து கட்டிக்கொண்டே இருந்தார்கள், ரத்தம் வருகிறதா என்று பார்க்கவில்லை. உங்கள் முதல் நோயாளியின் கால் காப்பாற்றப்பட்டு அறுபது ஆண்டுகள் கடந்த பிறகும் இந்த நிலை என்பது எனக்கு ஆறவே இல்லை.

உங்கள் ஊரிலேயே உங்களைப் பைத்தியக்கார சார்லி என்று அழைத்தவர்கள் இருந்தார்கள். ஒரு நோயாளியை உங்களிடம் படமெடுக்க அனுப்பிய அறுவை மருத்துவர், படம் மட்டும் எடுங்கள், சரிசெய்ய முயல வேண்டாம் என்று சீட்டிலேயே எழுதி அனுப்பினாராம். அமெரிக்காவில் பலரும் இந்த முறையை ஒதுக்கிவைத்திருந்த காலத்தில் ஐரோப்பாவில்தான் அது வளர்ந்தது. 1970-களில் சூரிக்கில் ஆண்ட்ரியாஸ் க்ருன்ட்சிக் உருவாக்கிய பலூன் அதை இதயத்துக்கே கொண்டுபோனது. ஏளனத்துக்கு நடுவிலும் நீங்கள் கிடார் கம்பியையும் வாகனத்தின் வேகமானிக் கேபிளையும் வைத்துக் கருவி செய்துகொண்டிருந்தீர்கள். சிகாகோ மாநாட்டில் பில் குக் என்ற இளைஞர் தீச்சுடரில் டெஃப்லான் குழாயை வளைத்துக் கத்தீட்டர் செய்வதைப் பார்த்து, அந்தச் சுடர்க் கருவியை இரவல் வாங்கிப்போய், மறுநாள் காலையில் நீங்களே செய்த கத்தீட்டர்களோடு வந்து நின்றீர்களாம். உங்கள் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் இதுதான். துறைத்தலைவராக இருந்தவர் கையில் நெருப்பைப் பிடித்து விடிய விடியக் குழாய் வளைத்திருக்கிறார்.

உங்களோடு சேர்த்து நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள். 1929-இல் எபர்ஸ்வால்டேயில் தன் கைச் சிரை வழியாகத் தன் இதயத்துக்கே குழாயைச் செலுத்திக்கொண்டு எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோன வெர்னர் ஃபோர்ஸ்மான். ஊசி, கம்பி, குழாய் என்ற வரிசையை 1953-இல் வகுத்த ஸ்வீடன் நாட்டு செல்டிங்கர். என் முழங்கால் மடிப்பில் நடந்தது அச்சு அசலாக அந்த வரிசைதான். தாமஸ் ஃபோகார்ட்டியைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பள்ளிப் பருவத்திலிருந்தே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர் அவர். தமனியை நெடுக வெட்டித் திறந்து கட்டியை எடுப்பதையும், அதிலேயே பலர் இறப்பதையும் பக்கத்தில் நின்று பார்த்தவர். அறுவைக் கையுறையின் விரல்நுனியை வெட்டி ஒரு கத்தீட்டரின் முனையில் கட்டினார். ஒட்டுப் பசை எதுவும் பிடிக்காததால், தூண்டிலுக்கு ஈ முடிச்சுப் போடுகிற தன் பழக்கத்தைக் கொண்டு நூலால் இறுக்கினார். கட்டியைத் தாண்டிச் சென்று அந்தப் பலூனை ஊதி வெளியே இழுத்தால் கட்டியும் கூடவே வந்துவிடும். 1963-இல் வெளியான அந்த முறையை இன்றும் கைவிடவில்லை.

அதே ஆஸ்பத்திரியில் இன்னொரு கருவியின் பயனையும் கண்டேன். எதிர்ப் படுக்கையில் இருந்த அம்மாவின் மகன் பைக் விபத்தில் தலையில் அடிபட்டு மேல்மாடி ஐசியுவில் கிடந்தான். மூளையில் ரத்தக் கசிவு, காலிலோ ரத்தக் கட்டு. உறைவைத் தடுக்கும் மருந்து கொடுத்தால் மூளைக்கு ஆபத்து, கொடுக்காவிட்டால் நுரையீரலுக்கு ஆபத்து. கழுத்துச் சிரை வழியாக, வயிற்றிலிருந்து இதயத்துக்கு ஏறும் பெருஞ்சிரைக்குள் ஒரு வடிகட்டியை விரித்துவைத்தார்கள். கூம்பு வடிவில் உள்ள இந்த வகையை 1973-இல் கொண்டுவந்தவர் லாசர் கிரீன்ஃபீல்ட் என்ற அறுவை மருத்துவர். அவரோடு சேர்ந்து வடிவமைத்தவர் எண்ணெய்த் தொழிலில் இருந்த கார்மன் கிம்மெல் என்ற பொறியாளர். கட்டி கூம்பின் நுனியில் சிக்கும், ரத்தம் அதைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் இதை வைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது. நாள்பட விட்டால் அதன் கால்கள் உடையலாம், நகரலாம், அதிலேயே கட்டி சேரலாம். எடுக்கக்கூடிய வகையைத் தேவை முடிந்ததும் எடுத்துவிடுமாறு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010-இலேயே எச்சரித்திருக்கிறது. அந்தப் பையனின் டிஸ்சார்ஜ் அட்டையில், வடிகட்டியை எடுக்க வரவேண்டிய தேதியைச் சிவப்பு மையில் எழுதி, அவன் அம்மாவின் செல்போனிலும் குறித்துக்கொடுத்தார் வார்டு சிஸ்டர். எழுத்துத் தெரியாத அந்த அம்மா அட்டையை மஞ்சள் பைக்குள் வைத்து முடிந்துகொண்டார்.

என்னைக் காப்பாற்றியது என்பதால் கத்தீட்டர் வழிச் சிகிச்சை எல்லோருக்கும் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். 2017-இல் வெளியான அட்ராக்ட் ஆய்வில், காலில் ரத்தக் கட்டு வந்த 692 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்து மட்டும், இன்னொரு பிரிவுக்குக் கத்தீட்டர் வழியும் சேர்த்துச் செய்து பார்த்தார்கள். பிற்காலத்தில் வரும் நாள்பட்ட கால் வீக்கமும் வலியும் முதல் பிரிவில் 48 விழுக்காடு, இரண்டாவதில் 47. பெரிய வித்தியாசமே இல்லை. முதல் பத்து நாளில் கடுமையான ரத்தக் கசிவோ கத்தீட்டர் பிரிவில்தான் அதிகம்: 1.7 விழுக்காடு, மற்றதில் 0.3. தொந்தரவின் கடுமை மட்டும் கத்தீட்டர் பிரிவில் சற்றுக் குறைந்திருந்தது. யாருக்குச் செய்ய வேண்டும் என்பதைவிட யாருக்குச் செய்ய வேண்டாம் என்று தெரிந்த டாக்டரிடம் போய்ச் சேர்ந்தது என் நல்லகாலம். கத்தீட்டர் கையில் இருக்கிறது என்பதற்காகவே அதை எல்லோர் காலிலும் செலுத்துகிற ஆஸ்பத்திரிகளுக்கு என் நன்றியில் பங்கு கிடையாது.

வீட்டுக்கு வந்த பிறகு, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை. பால் கொடுக்கலாமா என்பதுதான் நான் கேட்ட முதல் கேள்வி. வார்ஃபரின் தாய்ப்பாலில் பொருட்படுத்தும் அளவுக்கு இறங்குவதில்லை, தாராளமாகக் கொடுங்கள் என்றார்கள். அடுத்த சிக்கல் முருங்கைக்கீரை. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டுமென்று தினமும் சமைத்துப் போடுகிற கீரை. அதில் வைட்டமின் கே நிறைய, அது வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும். கீரையை நிறுத்தவே வேண்டியதில்லை, ஒரு நாள் கூடை கூடையாக, மறுநாள் ஒன்றுமே இல்லாமல் என்று சாப்பிடாதீர்கள், ஒரே அளவாக வையுங்கள் என்றார் டாக்டரம்மா. அம்மா அதற்கென்று ஒரு கிண்ணம் ஒதுக்கினாள். ரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்க்கும் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு முன்னால் அவள்தான் கேட்பாள், "நம்பர் எவ்வளவு?" என்று. காலைத் தேய்த்த அதே அம்மாதான் இப்போது தெருவில் யாருக்குப் பிரசவமானாலும் போய், தண்ணீர் குடிக்கச் சொல்லி, அறைக்குள்ளேயாவது நடக்கச் சொல்லி, இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு வருகிறாள். ஒரு கால் மட்டும் வீங்கினால், மூச்சு வாங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி என்கிறாள். எந்த டாக்டர் சொல்வதையும்விட அவள் சொல்வது அந்த வீடுகளில் எடுபடுகிறது.

இன்னும் ஆக வேண்டியது நிறைய. எங்கள் மாநிலத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் கேத் லேப் வந்துவிட்டது. அவை பெரும்பாலும் இதயத்துக்கே ஓடுகின்றன. காலுக்கும் நுரையீரலுக்கும் இதே வேலையைப் பார்க்கத் தெரிந்தவர்கள் பெரிய ஊர்களிலேயே இருக்கிறார்கள். ஆண்டிபட்டியிலோ உசிலம்பட்டியிலோ எனக்கு வந்தது போல் வந்தால் அந்தப் பெண் எத்தனை இடத்துக்கு அலைந்து, எத்தனை மணி கழித்துச் சரியான இடத்துக்கு வந்து சேர்வாள் என்று நினைத்தால் பதைக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவித்த பெண்ணைப் பார்க்கும் கிராம சுகாதாரச் செவிலியர் கையில் ஓர் அளவு நாடா இருந்து, இரண்டு கெண்டைக்காலையும் அளந்து பார்த்தாலே பாதிப் பேரை நேரத்தோடு அனுப்பிவிடலாம் என்பது என் எண்ணம். இதை எழுதி மாவட்ட சுகாதார அலுவலகத்துக்குத் தனியாக ஒரு மனுவும் கொடுத்திருக்கிறேன்.

டாக்டர் டாட்டர் அவர்களே, உங்களுக்கும், 1964-இல் காலை எடுக்கவிட மாட்டேன் என்று உறுதியாகச் சொன்ன அந்த மூதாட்டிக்கும், என் தலைமாட்டில் விடிய விடிய நின்ற சிஸ்டருக்கும், நாற்காலியை இழுத்துப்போட்டு உண்மையைச் சொன்ன டாக்டரம்மாவுக்கும் என் மனமார்ந்த நன்றி. போர்ட்லண்டில் உங்கள் பெயரால் ஒரு சிகிச்சை நிலையம் 1990-இல் தொடங்கப்பட்டது என்று அறிகிறேன். அந்தப் பக்கம் இருக்கும் தமிழ் மருத்துவர் யாராவது இதைப் படித்தால், அங்கே பயிற்சியில் இருக்கும் இளைஞர்களுக்கு ஆங்கிலத்தில் சொல்லுங்கள். மதுரையில் ஒருத்தி அடுத்த வாரம் தன் ஸ்டென்டைப் பரிசோதிக்க டாப்ளர் ஸ்கேனுக்குப் போகிறாள், பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போவதாக இருக்கிறாள் என்று சொல்லுங்கள்.


மதுரையிலிருந்து ஓர் ஆசிரியை